அம்மா இறங்க வேண்டாம்!

குளுவாங்கை மலையூர் என்று யாரும் சொல்வதில்லை. ஜோகூரின் நடுவில், செம்பனைக்கும் ரப்பருக்கும் இடையே பாய் விரித்தாற்போல் கிடக்கும் ஊர் என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். ரயில் நிலையத்துக் காப்பியைக் கேள்விப்பட்டிருப்பார்கள். ஊருக்குப் பெயர் கொடுத்த ‘கெலுவாங்’ என்ற பழந்தின்னி வௌவாலைப் பற்றிக் கேட்டிருப்பார்கள். மலை என்றால் லம்பாக் ஒன்று இருக்கிறது. அதுவும் 510 மீட்டர்தான், ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளோடு ஏறிவிட்டு வந்து பசியாறலாம். ஆனால் ஒரு 110 சிசி ஸ்கூட்டரில், பின்னால் ஒருவரை உட்கார வைத்து, கால் பக்கத்தில் மார்க்கெட் பையையும் வைத்துக்கொண்டு இந்த ஊரைச் சுற்றிப் பாருங்கள். பாய் எங்கெங்கே மடிந்து கிடக்கிறது என்பது தெரிந்துவிடும்.

எங்கள் வீடு லம்பாக் அடிவாரப் பக்கத்துத் தாமான் ஒன்றில் கடைசி வரிசை. முச்சந்தியில் வலப்பக்கம் திரும்பினால் 150 மீட்டருக்கு ஒரே ஏற்றம். ஒருநாள் ஆர்வத்தில் கைப்பேசியைத் தார்ச்சாலையில் படுக்கவைத்து அளந்து பார்த்தேன். 8.5 டிகிரி காட்டியது. அதாவது நூறு மீட்டர் முன்னே போனால் பதினைந்து மீட்டர் மேலே போகிறோம். காருக்கு இது ஒன்றுமே இல்லை. ஸ்கூட்டருக்கு நிறையவே உண்டு. முச்சந்தியில் நின்றுதான் திரும்பவேண்டும் என்பதால் தூரத்திலிருந்து வேகமெடுத்து வந்து ஏறிவிடும் வசதியும் கிடையாது.

அம்மா முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். விடியலுக்கு முன்னே நெற்றி விளக்கோடு போய், மேட்டிலும் பள்ளத்திலும் மரத்துக்கு மரம் நடந்த கால் அது. இப்போது வலது முட்டி தேய்ந்துவிட்டது. நான் ஸ்கூட்டர் வாங்கியதே அவருக்காகத்தான். காப்சாயைவிட இதன் சீட் தாழ்வு, அகலம். முன்னால் பை வைக்கச் சமதளம் இருக்கிறது. இரண்டாம் கை வண்டி, 29,000 கிலோமீட்டர் ஓடியது. கையில் இருந்த காசுக்கு அதுதான் கிடைத்தது.

தீபாவளிக்குப் பிறகு வண்டி தளர ஆரம்பித்தது. முதலில் மேட்டின் உச்சியில் கொஞ்சம் முனகியது. பிறகு பாதி மேட்டிலேயே முனகியது. ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகினாலும் என்ஜின் சத்தம் ஏறாது, வேகம் மட்டும் இறங்கிக்கொண்டே வரும். ஒரு சனிக்கிழமை அம்மா பாதி மேட்டில் தோளைத் தட்டி, “நிறுத்து தம்பி, நீ போ. நான் மெதுவா வந்துடுறேன்” என்று இறங்கிக்கொண்டார். நான் மேலே போய்த் திரும்பிப் பார்த்தேன். ஒரு கையால் முட்டியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஏதோ சிரித்துப் பேசியபடி ஏறி வந்தார். மூன்று வாரம் இப்படி நடந்தது. நான்காவது வாரம், “இந்த வாரம் நீயே சாமான் வாங்கிட்டு வந்துடு, எனக்கு வீட்டுல வேலை கெடக்கு” என்றார். வீட்டில் ஒரு வேலையும் கிடக்கவில்லை. சந்தையில் மீன்காரனோடு பேரம் பேசாமல் அவருக்கு வாரம் முடியாது என்பது எனக்குத் தெரியும்.

அலுவலகத்தில் சொன்னால் ஆளுக்கொரு வைத்தியம். ஒருவர் 150 சிசி வண்டிக்கு மாறு என்றார். மாதம் இருநூற்றுச் சொச்சம் வெள்ளி, ஐந்து வருடக் கடன். இன்னொரு தம்பி, ‘பிளாக்’ மாற்றி என்ஜினைப் பெரிதாக்கு, ரேசிங் எக்ஸாஸ்ட் போடு என்றான். எக்ஸாஸ்ட் மாற்றினால் தாமான் முழுக்கத் தூக்கம் கெடும், அது ஒன்றுதான் உறுதி. என்ஜின் கொள்ளளவை மாற்றுவதென்றால் ஜேபிஜேயின் ஒப்புதல் வேண்டும். அது இல்லாமல் ஓட்டி ஏதாவது நடந்தால் காப்புறுதி நிறுவனம் கைவிரிக்க இடமுண்டு. அம்மாவைப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டுகிற வண்டியில் அந்த விளையாட்டு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் போனது மெர்சிங் சாலைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம். முன்பு தோட்டத்தில் டிராக்டர் பழுது பார்த்தவர். நான் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டார். சக்கரம் தடையில்லாமல் சுற்றியது. “பிரேக் ஒட்டல. நல்லது” என்றார். அடுத்து டயர் காற்று. இரண்டு பேர் போகும்போது பின்சக்கரத்துக்கு 33 பிஎஸ்ஐ என்று என் வண்டியின் ஒட்டுத்தாளில் போட்டிருக்கிறது. அளவு சரியாகவே இருந்தது. காற்று வடிகட்டி மட்டும் செம்மண் நிறத்தில் இருந்தது. அதை மாற்றச் சொல்லிவிட்டு இடப்பக்க மூடியைக் கழற்ற ஆரம்பித்தார். விஷயம் அதற்குள்ளேதான் இருந்தது.

ஸ்கூட்டரில் கியர் இல்லை என்கிறோம். உண்மையில் அதில் எண்ண முடியாத அளவு கியர்கள் இருக்கின்றன. என்ஜின் பக்கம் ஒரு புல்லி, பின்சக்கரத்தின் பக்கம் ஒரு புல்லி, இரண்டையும் இணைக்கும் ஒரு பெல்ட். ஒவ்வொரு புல்லியும் இரண்டு சரிவான தட்டுகள், முகத்தோடு முகம் பார்த்த இரண்டு புனல் மாதிரி. தட்டுகள் நெருங்கினால் பெல்ட் விளிம்புக்கு ஏறும், விலகினால் அச்சுக்கு அருகே இறங்கும். கிளம்பும்போது முன்னால் சிறு வட்டம், பின்னால் பெரிய வட்டம்: அதுதான் முதல் கியர். வேகம் எடுக்க எடுக்க இது தலைகீழாகும்.

முன் தட்டுகளை நெருக்குவது யார்? ஆறு சின்ன ரோலர்கள். விரல் நுனி அளவுதான் இருக்கும். என்ஜின் சுற்றும் வேகத்தில், ராட்டினத்தில் உட்கார்ந்தவர் வெளிப்பக்கம் தள்ளப்படுவதுபோல் இவை வெளியே ஓடி, தட்டைத் தள்ளுகின்றன. பின்னால் ஒரு கெட்டியான ஸ்பிரிங் எதிர்த்து நிற்கிறது. இந்த இரண்டுக்கும் நடக்கும் கயிறிழுப்புதான் உங்கள் கியர். இதில் இன்னொரு நுட்பம் உண்டு. பின் புல்லியில் சாய்வான தடம் வெட்டியிருப்பார்கள். மேட்டில் சக்கரம் திணறும்போது அந்தச் சாய்வே பின் தட்டுகளை நெருக்கி, வண்டியைத் தாழ்ந்த கியருக்கு இறக்கிவிடும். வண்டிக்குக் கண் இல்லை, ஆனால் மேடு வந்தால் இந்த வழியில் அதற்குத் தெரிந்துவிடும்.

இந்தப் பெல்ட் வித்தையை முதலில் பெரிய அளவில் சாலைக்குக் கொண்டுவந்தவர்கள் ஹாலந்தின் டாஃப் கார் நிறுவனத்தார், 1958-ஆம் ஆண்டு. பின்னோக்கியும் முன்னோக்கியும் ஒரே வேகத்தில் ஓடக்கூடிய கார் என்று அதைக் கேலி செய்வார்களாம். கேலியில் உண்மை இருந்தது. அதே 1958-இல்தான் ஹோண்டா ‘சூப்பர் கப்’ மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. நம் ஊரில் அந்த ‘கப்’புக்குச் சீனர்கள் ‘சாய்’ சேர்க்க, காப்சாய் ஆகிவிட்டது. நம் தோட்டங்களைத் தூக்கிச் சுமந்தது காப்சாய்தான். அதில் மேடு வந்தால் காலால் ஒரு தட்டு, கியர் இறங்கிவிடும். ஸ்கூட்டரில் அந்தத் தட்டை ரோலரும் ஸ்பிரிங்கும் நமக்காகத் தட்ட வேண்டும். அவை தேய்ந்துவிட்டால் நாம் எதையும் தட்ட முடியாது.

என் வண்டியில் அவை நன்றாகவே தேய்ந்திருந்தன. அண்ணன் ஆறு ரோலர்களையும் மேசையில் உருட்டிவிட்டார். நான்குதான் உருண்டன. இரண்டு, தட்டையான பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்துகொண்டன. அப்படித் தட்டையான ரோலர் ஒருமுறை வெளியே போய்விட்டால் திரும்பி வரச் சண்டித்தனம் செய்யும். விளைவு, மேடு வந்தும் கியர் இறங்காது. பெல்ட்டைப் புதியதோடு சேர்த்துப் பிடித்துக் காட்டினார். அகலத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் குறைந்திருந்தது. “ஒரு மில்லிமீட்டர்ல என்னண்ணே ஆகப்போகுது?” என்றேன். பெல்ட் மெலிந்தால் பின் புல்லியின் விளிம்பு வரை ஏறி நிற்க முடியாது, உள்ளே இறங்கி உட்கார்ந்துவிடும். பின்வட்டம் சிறுத்துப் போனால், முதல் கியரே இல்லாமல் இரண்டாவது கியரில் கிளம்பியது மாதிரி. “அதோட, உன் வண்டிக்கு மேடு வந்ததே தெரியல” என்று பின் புல்லியின் சாய்தடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். கிரீஸ் காய்ந்து கருப்புப் பசையாகி இருந்தது.

அன்று இரவு நான் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். கணக்கர் வேலை பார்ப்பவனுக்கு வேறென்ன தெரியும்! வண்டி 95 கிலோ, நான் 75, அம்மா 60, பை 10. மொத்தம் 240 கிலோ. பதினைந்து சதவீத மேட்டில் இந்த எடையின் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு, 36 கிலோ, வண்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஓர் அரிசி மூட்டையைக் கயிறு கட்டி மேலே இழுப்பது மாதிரி. மணிக்கு 30 கிலோமீட்டரில் அதை இழுக்க, டயர் உராய்வையும் சேர்த்து, சக்கரத்தில் நாலரைக் குதிரைத் திறன் தேவை. பெல்ட்டில் வீணாவது கால் பங்கு என்று வைத்தால் என்ஜின் ஆறு குதிரைத் திறன் தர வேண்டும். 110 சிசி ஸ்கூட்டரின் முழுத்திறன் எட்டு அல்லது ஒன்பது. அதுவும் நிமிடத்துக்கு 7,500 சுற்றுக்குப் பக்கத்தில் ஓடினால்தான். 4,500 சுற்றில் மாட்டிக்கொண்டால் ஐந்துதான் தேறும். என்ஜின் பலவீனம் அல்ல, அதன் பலம் இருக்கிற இடத்துக்குப் போக அதற்கு வழியில்லை. கணக்கைப் பார்த்ததும் மனது லேசாகிவிட்டது. காகிதத்தை எட்டிப் பார்த்த அம்மா, “அறுபதா? அப்போ வண்டி நிக்கிறது என்னாலதானா?” என்றார். “என் எழுபத்தஞ்சைப் பாருங்கம்மா” என்றேன்.

முதலில் கம்பெனி அளவிலேயே எல்லாவற்றையும் புதிதாகப் போட்டோம். புதுப் பெல்ட், அதே 10 கிராம் ரோலர்கள் ஆறு, சாய்தடத்தைக் கழுவிப் புதுக் கிரீஸ், கிளட்ச் கட்டைகளின் மேல் படிந்திருந்த பளபளப்பை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தது. முன்பு அம்மாவோடு மேட்டின் உச்சி விளக்குக் கம்பத்தைத் தொடும்போது மீட்டரில் 18 காட்டும். இப்போது 27. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் நேராகக் கடைக்குப் போய் ‘ரேசிங் கிட்’ கேட்கிறார்கள். எனக்குக் கிடைத்த முன்னேற்றத்தில் பெரும்பங்கு புதிதாக எதையும் கண்டுபிடித்து வந்ததல்ல. வண்டி ஆலையிலிருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அந்த நிலைக்குத் திரும்பியதால் வந்தது.

ரோலரின் எடையைக் குறைப்பது அதற்கு அடுத்த படி. லேசான ரோலர் தட்டைத் தள்ள, என்ஜின் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். ஆகவே வண்டி தாழ்ந்த கியரில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கும். எவ்வளவு என்பதற்கும் கணக்கு உண்டு. எடையை 10-லிருந்து 9 கிராமாகக் குறைத்தால் சுற்று ஏறத்தாழ 5 சதவீதம் கூடும், 8 ஆக்கினால் 12 சதவீதம் வரை. 5,000 சுற்றில் கியர் மாறிய வண்டி 5,600-இல் மாறும். மேட்டுக்கு இது நல்லது. சமதளத்தில் இதற்கு விலை கொடுக்க வேண்டும். அதே வேகத்துக்கு என்ஜின் அதிகம் சுற்றும், பெட்ரோல் கூடும், பெல்ட் சூடாகும். ஆசையில் ஆறு கிராம் போட்டவர்களை எனக்குத் தெரியும். வண்டி தேனீக்கூட்டம்போல் கத்தும், வேகம் மட்டும் வராது. கெட்டியான ஸ்பிரிங் போடுவதிலும் இதே தொல்லை. மேட்டில் கியர் சீக்கிரம் இறங்கும்தான், ஆனால் பெல்ட்டை நாள் முழுக்க நெரித்துக்கொண்டே இருக்கும். அதை நான் தொடவில்லை.

அண்ணன் சொன்ன யோசனை எனக்குப் பிடித்திருந்தது. மூன்று பத்து கிராம், மூன்று எட்டு கிராம், ஒன்றுவிட்டு ஒன்றாக. சராசரி ஒன்பது. ஒரே பக்கம் கனம் சேர்ந்தால் புல்லி அதிரும், அதனால் மாற்றி மாற்றித்தான் வைக்க வேண்டும். இப்படி இரண்டு வாரம் ஓட்டினேன். உச்சியில் 30. பிறகு ஆறையும் எட்டு கிராமாக்கிப் பார்த்தோம். உச்சியில் 33, ஆனால் ஆயர் ஹீத்தாம் பக்கம் நீளமான சாலையில் 80-ஐத் தொடும்போது காதுக்குள் ஒரே இரைச்சல். லிட்டருக்கு 48 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது 44 ஆனது. எனக்கு அந்த மூன்று கிலோமீட்டர் வேகம் தேவைப்படவில்லை. மூன்றுக்கு மூன்றுக்கே திரும்பிவிட்டேன். பெல்ட், ரோலர்கள், காற்று வடிகட்டி, கூலி எல்லாம் சேர்த்து 190 வெள்ளி. புது வண்டியின் ஒரு மாதத் தவணையைவிடக் குறைவு.

வீட்டு மேட்டைவிட எனக்குள் பயமாக இருந்தது மெர்சிங் சாலைதான். அக்கா காஹாங்கில் இருக்கிறாள். மாதம் ஒருமுறை அம்மா பேரனைப் பார்க்கப் போயே ஆக வேண்டும். பத்து பகாட்டிலிருந்து குளுவாங் வழியாக மெர்சிங்குக்குப் போகும் 50-ஆம் எண் கூட்டரசு சாலை அது. மேடுகள் எங்கள் தெருவைப் போல் செங்குத்து இல்லை, நீளமானவை. பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி வரும். இறக்கத்தில் வேகமெடுத்து அடுத்த மேட்டை ஏறிவிடுவதுதான் லோரிக்காரரின் கணக்கு. அந்த மேட்டின் நடுவில் 25-இல் ஊர்ந்துகொண்டிருக்கும் ஒரு ஸ்கூட்டர் அவருக்கும் ஆபத்து, நமக்கும் ஆபத்து. கண்ணாடியில் லோரியின் முகப்பு பெரிதாகிக்கொண்டே வர, அம்மாவின் விரல்கள் என் சட்டையை இறுக்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இப்போது அதே மேடுகளில் ஐம்பதுக்குக் கீழே போவதில்லை. லோரி முந்துவதென்றால் வழிவிடுகிறேன். ஆனால் அது என் முதுகில் வந்து நிற்பதில்லை.

ஏற்றத்தைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள். இறக்கத்தைப் பற்றிக் கேட்பவர் குறைவு. காப்சாயில் இரண்டாம் கியர் போட்டு இறங்கினால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஸ்கூட்டரில் வேகம் குறைந்ததும் கிளட்ச் விட்டுவிடும், வண்டி வெறும் சைக்கிள் ஆகிவிடும். முழுப் பாரமும் பிரேக்கின் மேல். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே வந்தால் சூடேறி, பிடிக்கிற நேரத்தில் பிடிக்காது. விட்டு விட்டு, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். இறங்க ஆரம்பிக்கும்போதே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அண்ணன் ரோலரை மாற்றிய கையோடு பின்பிரேக் கட்டையையும் கழற்றிப் பார்த்து, “ஏத்தி விட்டேன், இறக்கியும் விடணும்ல” என்று புதுசு போட்டார். அதற்கு அவர் கூலி வாங்கவில்லை.

சனிக்கிழமைகளில் அம்மா மறுபடியும் சந்தைக்கு வருகிறார். போன வாரம் ஒரு கிலோ கெம்போங் மீனுக்கு இருபது நிமிடம் பேரம். திரும்பும்போது முச்சந்தியில் நின்றோம். பழக்கத்தில் ஒரு காலைத் தரைக்கு நீட்டியவர், வண்டி கிளம்பியதும் மடக்கிக்கொண்டார். பாதி மேட்டில் பக்கத்து வீட்டுப் பெண் கைகாட்டினார். “நிக்காதே, போ போ, வீட்டுல வந்து பேசிக்கிறேன்” என்றார் அம்மா, யாரிடம் சொன்னார் என்பது தெளிவாக இல்லை.

இடப்பக்க மூடியின் உள்ளே அண்ணன் வெள்ளைப் பேனாவால் ஓர் எண் எழுதி வைத்திருக்கிறார்: 56,000. அடுத்த பெல்ட் மாற்ற வேண்டிய கிலோமீட்டர் அது. ரோலர்களை மட்டும் அதற்கு முன்பே ஒருமுறை கழற்றி மேசையில் உருட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். வருகிற தீபாவளிக்கு முன்னால் போகலாம் என்றிருக்கிறேன்.